ஜாம் போத்தல் விளக்கு செய்வது எப்படி

2022 பங்குனிக் கடைசியில் (மார்ச்) இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது, மருமகன் போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி வந்து, "மாமி, மெழுகுதிரி இருக்கோ?" என்று கேட்டான். கடையிலும் இல்லையாம். நான் குசினி மேல்தட்டில் இருந்த ஜாம் போத்தலை எடுத்தேன். அவனுக்குக் காட்டிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1990 ஆனியில் (ஜூன்) இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது அந்த வருடம். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றரி வராது, மண்ணெண்ணெய் வந்தாலும் ஆனைவிலை. சிமினி விளக்கு அதை மடமடவென்று குடித்துவிடும். அதனால்தான் இந்தச் சின்ன விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. நான் ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) படித்தது இதன் முன்னால்தான்.

வாய் அகன்ற ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் திரி படபடவென்று வெடிக்கும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பஞ்சை அமுக்கி வையுங்கள். பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வால்வுக் கட்டையை வெட்டி எடுத்து, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டால் பித்தளைக் குழாய் மட்டும் மிஞ்சும். அதற்குள் பருத்தித் துணித் திரியை இழுத்துவிடுங்கள். பழைய வேட்டிக் கிழிசல் நல்லது. நைலோன் கலந்த துணி உருகிக் குழாயை அடைத்துவிடும். வால்வின் புரியில் மெல்லிய கம்பியைச் சுற்றி, இரண்டு நுனியையும் போத்தல் வாயில் கொழுவுங்கள். வால்வு போத்தலின் நடுவில் தொங்க வேண்டும், திரியின் வால் பஞ்சைத் தொட வேண்டும். சுடர் கண்ணாடிக்குள்ளேயே நிற்பதால் காற்று அணைக்காது.

இனி மண்ணெண்ணெய். பஞ்சு நனைய மட்டும் ஊற்றுங்கள், தளும்பக் கூடாது. விளக்கு தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் பாயில் ஓடாது, அதற்குத்தான் பஞ்சு. பெற்றோலைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். எரியும்போது ஊற்றவும் வேண்டாம், அணைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். போத்தல் வாயை மூடினாலோ விளக்கு மூச்சு முட்டி அணைந்துவிடும்.

எல்லாரும் பிழைவிடும் இடம் திரிதான். மருமகனும் வெளிச்சம் வேண்டுமென்று அரை விரல் நீளம் வெளியே இழுத்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் போத்தல் முழுக்கக் கரி. ஒரு நெல்லு அளவு வெளியே தெரிந்தால் போதும். அந்த வெளிச்சத்தில் ஒரு கொப்பிதான் தெரியும். நானும் தம்பியும் ஒரு கொப்பிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தோம். அவன் எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிக்கப் பழகிவிட்டான். காலையில் மூக்கைத் துடைத்தால் லேஞ்சி (கைக்குட்டை) கறுப்பாகும், அதனால் யன்னல் ஒன்று திறந்திருக்கட்டும்.

அப்புறம், பற்றரி இல்லாமல் ரேடியோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை டயரோடு பொருத்தி, பெடலைக் கையால் சுற்றுவது. டைனமோ தருவது ஏ.சி. கரண்ட். நேரே கொடுத்தால் ரேடியோ இரையும், பழுதாகவும் கூடும். பற்றரிக் கரண்ட் மாதிரி ஒரே திசையில் ஓடவைக்க நடுவில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் வேண்டும். எங்களுக்கு அதை ஒட்டித் தந்தவர் ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிற அண்ணை. இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். செத்தவர்களின் எண்ணிக்கை வருகிற நேரம் பார்த்துத் தம்பி கையை மாற்றுவான், ஐயா (அப்பா) ஏசுவார்.

சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தைத் தண்ணீரில் பிசைந்து உடுப்பை ஊறவைத்துக் கும்முங்கள். அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் காயும்போது ஆட்டைக் கட்டிவையுங்கள். என் பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையை எங்கள் ஆடு தின்றுவிட்டது.

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வித்தையும் உண்டு. துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மாற்றுவார்கள். அது எஞ்சினைத் தின்னும், சொல்லித்தர மாட்டேன்.

1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30ஆம் திகதி இரவு, மழையில், சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி, கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. விளக்கைக் கொண்டுபோக மறந்துவிட்டோம். அடுத்த சித்திரையில் திரும்பியபோது மிதிவெடிக்குப் பயந்து ஐயா சொன்ன ஒழுங்கு இதுதான்: ஆட்கள் நடந்து தடம் விழுந்த பாதையில் மட்டும் நட. தெரியாத எதையும் தொடாதே, காலால் தட்டாதே, எழுதும் பேனா என்றாலும் எடுக்காதே. கிணற்றை இறைத்து முடிக்கும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்காதே. தேசிக்காய் மரத்தடியில் நாங்களே தாட்டு வைத்த பித்தளைப் பானையைத் தோண்ட இரண்டு மாதம் விடவில்லை. அம்மா தினமும் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவா.

2002இல் சமாதானம் வந்து சித்திரையில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்ததும் சாமான் கொட்டியது. அம்மா மட்டும் கட்டிலுக்குக் கீழே போத்தல்களை அடுக்கியே வைத்திருந்தா. "இனி என்னத்துக்கு அம்மா?" என்று நான் ஒருநாள் எல்லாவற்றையும் போத்தல்காரனுக்குப் போட்டேன். 2006 ஆவணியில் பாதை திரும்பப் பூட்டினார்கள். அம்மா குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தா, நிமிர்ந்தா, ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். 2009இல் சண்டை முடிந்த பிறகும் அவ சவர்க்காரத்தை ஒரு கட்டி மட்டும் வாங்கியதில்லை.

எனவே எடுத்துவைக்கும் முறை: போத்தலைக் கடதாசியால் துடைத்து, கரியில்லாமல், பஞ்சில்லாமல், கவிழ்த்து வையுங்கள். வால்வு இரண்டு இருக்கட்டும், ஒன்று தொலையும். திரியை மூடியுள்ள டப்பாவில் தனியாகப் போடுங்கள், கரப்பான் அரிக்கும்.