முட்டி வலி உடம்பெல்லாம் பரவியபோது: டுலோக்செட்டின் எடுத்த விதம்

முட்டித் தேய்மானத்தோடு கழுத்து, தோள், இடுப்பு என எல்லா இடமும் வலித்தால், வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பயனில்லை. நரம்பு மண்டலமே வலியைப் பெரிதாக்கிக் காட்டும் நிலையாக அது இருக்கலாம். எனக்குக் கைகொடுத்தது டுலோக்செட்டின். மனச்சோர்வு மருந்துதான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலித்தடுப்புப் பாதையில் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற நரம்புச் செய்தி ரசாயனங்களைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 2010இல் நாள்பட்ட எலும்பு, தசை வலிக்கும் அனுமதி கிடைத்தது.

டாக்டர் சீட்டில் வழக்கமாக முதல் வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60, தினம் ஒரு வேளை. முதல் தொல்லை குமட்டல். சாப்பிட்டபின் போட்டால் குறையும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது: உள்ளிருக்கும் மணிகளின் பூச்சு, இரைப்பை அமிலம் மருந்தைச் சிதைக்காமல் காக்கிறது. இரண்டு நாளில் பலன் தேடாமல் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான், சட்டென விட்டால் தலைச்சுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்தாற்போல் ஒரு வெட்டு.

டிராமடோல் என்ற வலி மருந்தை ஏற்கெனவே எடுத்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையோடு டுலோக்செட்டின் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் ஏறும். அதனால் முட்டிக்கு மட்டும் 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்: ஒரு முட்டிக்கு 4 கிராம், நாளுக்கு 4 முறை. பலரும் பட்டாணி அளவு தடவிவிட்டு ஜெல்லைக் குறை சொல்கிறார்கள்! கல்லீரல் நோய், அதிகக் குடி, கட்டுப்படாத கண் அழுத்தம் இருந்தால் டுலோக்செட்டின் சரிவராது.