பேரப்பிள்ளையும் பாட்டியும் பல்லாங்குழி ஆட: பலகை முதல் பசு வரை

வீட்டில் பெரியவரும் சிறியவரும் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. சதுரங்கம் என்றால் தெரிந்தவர் தெரியாதவரை நாலு நிமிடத்தில் முடித்துவிடுவார். குழந்தை அழாமல் இருக்கப் பெரியவர் வேண்டுமென்றே தோற்பார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது புரிந்துவிடும். ஆர்வமும் அன்றோடு போய்விடும். பல்லாங்குழியில் இந்த வேலையே இல்லை. ஒரு குழியை அள்ளினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை ஐம்பது வருடம் ஆடிய பாட்டியாலும் முழுக்கக் கணித்துவிட முடியாது. அதனால் பேரன் நேர்மையாகவே ஜெயிப்பான், பாட்டியும் நேர்மையாகவே தோற்பாள். தலைமுறை தாண்டி ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் நம் வீடுகளில் இல்லை என்றே சொல்லலாம்.

இதுவரை தொட்டதே இல்லை என்பவர்களுக்காக அடியிலிருந்து தொடங்குவோம்.

பலகை

வேண்டியது 14 குழிகள்: ஆளுக்கு ஏழு, இரண்டு வரிசை. மரப்பலகை வாங்கினால் நல்லது. குழியின் வாய் 6 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். அலங்காரத்துக்காக விற்கும் சின்னப் பலகைகளில் குழி 4 செ.மீ. கூட இருக்காது. மூட்டுவலி உள்ள விரல்களால் அதிலிருந்து எட்டு காயை வழித்தெடுக்க முடியாது. பாட்டி இரண்டு கை ஆடிவிட்டு "நீயே ஆடு கண்ணு" என்று ஒதுங்கிவிடுவார். காரணம் ஆட்டம் பிடிக்காததல்ல, குழிதான்.

பலகை இல்லையென்றால் கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகள் 14 எடுத்துக்கொள்ளுங்கள். வாயகலம் 7 முதல் 8 செ.மீ. உள்ளதாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி வெயிலில் காயவைத்து, 65 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள கெட்டி அட்டையில் ஏழு ஏழாக இரண்டு வரிசை ஒட்டுங்கள். திரி வைக்கும் மூக்கு வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். உள்பக்கம் திரும்பியிருந்தால் எதிர் அகலில் முட்டும். பெவிகால் பிடிக்க ஓர் இரவு விடுங்கள். அகலின் சரிவு மென்மையானது என்பதால் விரல் நுனியால் வழித்தால் காய் தானாக உள்ளங்கைக்கு வரும்.

மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொங்காக் (பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டம்) பலகை எளிதாகக் கிடைக்கும். இரு முனையிலும் உள்ள பெரிய குழியில் காய் போட்டு ஆடாதீர்கள். ஜெயித்த காயைச் சேர்த்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

காய்

குழிக்கு 5 வீதம் 70 காய். தொலைவதற்கென்று இன்னும் பத்து. சோழி சிறந்தது. ராமேஸ்வரம், கன்னியாகுமரி பக்கம் போனால் சங்குக் கடைகளில் கிடைக்கும். புளியங்கொட்டை வீட்டிலேயே இருக்கும். ஒட்டியிருக்கும் புளியை ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், புளி இருந்தால் எறும்பு வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்: குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை அழகானது. இலங்கையில் சிங்களவர் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெலிய விளையாட்டின் பெயரே அந்த விதையிலிருந்து வந்ததுதான். ஆனால் அதைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. பலர் மஞ்சாடியையும் குன்றிமணியையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். மஞ்சாடி பெரியது, முழுச் சிவப்பு, பொட்டு இருக்காது. ஆட அது ஆகும். வாயில் போட அதுவும் ஆகாது. 3 வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் எந்தக் காயாக இருந்தாலும் தரையில் வைத்து ஆட வேண்டாம்; தொண்டையில் சிக்கும்.

கண்புரை உள்ளவருக்குக் கறுத்த பலகையில் புளியங்கொட்டை தெரியவே தெரியாது. அகலின் உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டால் போதும். அல்லது தாயக்கட்டைக்குத் தேய்ப்பதுபோலக் கொட்டையின் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். 70 கொட்டை தேய்ப்பது பேரப்பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை நாள் வேலை.

உட்காரும் இடம்

தரையில் சம்மணமிட முடியாதவரைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். பெரியவர் நாற்காலியில், பலகை அவர் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு முக்காலியில், பிள்ளை எதிரே குட்டி ஸ்டூலில். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும்; தலைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் சொந்த நிழலே குழியை மறைக்கும்.

ஆடும் முறை: பசுப்பாண்டி

பல்லாங்குழியில் பல பாண்டிகள், அதாவது ஆடும் முறைகள், உண்டு. சீதை அசோகவனத்தில் தனியே ஆடியதாகச் சொல்லும் சீதைப்பாண்டி ஒருவர் மட்டும் ஆடுவது. தொடங்க ஏற்றது பசுப்பாண்டி.

1. ஒவ்வொரு குழியிலும் 5 காய். உங்கள் வரிசையை இடமிருந்து வலமாக 1 முதல் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7-க்கு எதிரே உள்ளது 8. அங்கிருந்து எதிர் வரிசையில் திரும்பி வந்தால் உங்கள் 1-க்கு எதிரே 14.

2. உங்கள் வரிசையில் ஏதாவது ஒரு குழியை முழுக்க அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். எப்போதும் வலப்பக்கமாகப் போய் எதிர் வரிசையில் திரும்ப வேண்டும்.

3. கையில் காய் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியைப் பாருங்கள். காய் இருந்தால் அதை அள்ளித் தொடருங்கள்.

4. அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை உங்கள் சொத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை முடிந்தது. அந்தக் குழியும் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. அப்போதும் முறை எதிராளிக்கு.

5. போட்டுக்கொண்டு போகும்போது எந்தக் குழியிலாவது சரியாக நாலு சேர்ந்தால் அது பசு. குழி யாருடைய பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்வார், ஆடுவது யாராக இருந்தாலும்.

இவ்வளவுதான். இப்போது ஒரு கையை முழுதாக ஆடிப் பாருங்கள். 1-ஐ அள்ளுங்கள், 2 முதல் 6 வரை விழும். அடுத்து 7-ல் 5 இருக்கிறது. அள்ளி 8 முதல் 12 வரை. அடுத்து 13, அதன் ஐந்தும் 14, 1, 2, 3, 4-ல் விழும். அடுத்து 5-ல் இப்போது 6 காய்; அவை 6 முதல் 11 வரை. அடுத்து 12-லும் 6. அவை 13, 14, 1, 2, 3, 4. அடுத்த குழி 5, நீங்கள் சற்றுமுன் காலி செய்தது. துடையுங்கள். 6-ல் 7 காய் இருக்கும். அது உங்களுக்கு.

எல்லாக் குழியிலும் சமமாக ஐந்து இருப்பதால் எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் கையில் ஏழு காய்தான் கிடைக்கும். புதிதாகக் கற்பவருக்கு இது நல்ல சோதனை: ஏழு வரவில்லையென்றால் எங்கோ இரண்டு காய் ஒரே குழியில் விழுந்திருக்கிறது, அல்லது ஒரு குழி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் 7-லிருந்து 8-க்குத் திரும்பும் முனையில்தான் தவறும். பிள்ளைகள் 7-க்கு எதிரே போகாமல் நேராக 14-க்குத் தாவிவிடுவார்கள்.

(ஆறு காய் வைத்து ஆடும் வீடுகளிலும் முதல் கைக்கு ஏழுதான். இரண்டே அள்ளலில் முடிந்துவிடும். ஐந்து வயதுக்காரருக்கு இதையே முதலில் காட்டலாம்.)

இப்போது எதிராளியின் முறை. அவர் பக்கம் 12 வெறுமை, 13-ல் ஒரே ஒரு காய் இருக்கிறது. மற்றவற்றில் ஏழு ஏழாக நிறைந்திருக்கிறது. புதியவர் நிறைந்த குழிக்குத்தான் கை நீட்டுவார். 14-ஐ அள்ளினால் ஏழும் உங்கள் வரிசை முழுக்க விழும். அடுத்து 8-ஐ அள்ள, அதன் கடைசிக் காய் உங்கள் 1-ல் விழுந்து நாலாகும். பசு உங்களுக்கு! அதே நேரம் 13-ல் உள்ள ஒற்றைக் காயை எடுத்தால் அது 14-ல் விழும். அடுத்து 1-ல் இரண்டு, அவை 2, 3. அடுத்து 4-ல் எட்டு, அவை 5 முதல் 12 வரை. அடுத்து 13 வெறுமை. துடைத்தால் 14-ல் எட்டு காய். சிறிய குழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான கை அமையாது. இதைப் பிள்ளையிடம் சொல்லாமல், பலகையைக் காட்டி "எதை எடுத்தால் நல்லது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

சுற்று முடிவும் அடுத்த சுற்றும்

ஆட வேண்டியவரின் பக்கம் ஒரு காய்கூட இல்லையென்றால் சுற்று முடிந்தது. எதிர்ப்பக்கம் மிச்சமிருப்பது அந்தப் பக்கத்தவருக்கு. ஒன்றிரண்டு காய் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து முடியாமல் இழுத்தால், இருவரும் பேசி நிறுத்திவிட்டு அவரவர் பக்கத்துக் காயை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த சுற்றுக்கு அவரவர் ஜெயித்த காயால் அவரவர் குழியை நிரப்ப வேண்டும். உங்களிடம் 42, எதிராளியிடம் 28 என்றால் உங்களுக்கு ஏழு குழியும் நிரம்பி 7 காய் மிஞ்சும். அவருக்கு ஐந்து குழி நிரம்பி 3 மிஞ்சும். இரண்டு குழி மூடப்படும். அதில் ஒரு ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டுவைத்து, காய் போடும்போது தாண்டிப் போங்கள். பிறகு காய் சேர்ந்தால் திரும்பத் திறக்கலாம். ஒரு குழிகூட நிரப்ப முடியாதவர் தோற்றார்.

அந்த இடம்வரை ஆடினால் நேரம் நீளும். எழுபது வயது முதுகுக்கும் ஏழு வயதுப் பொறுமைக்கும் மூன்று சுற்று போதும். அதன் முடிவில் யாரிடம் காய் அதிகமோ அவர் ஜெயித்தார் என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஆடுவதற்கு முன் பாட்டியைக் கேளுங்கள்

மேலே சொன்னது ஒரு முறை. உங்கள் வீட்டு முறை வேறாக இருக்கலாம். துடைத்து எடுக்கும்போது எதிர்க்குழிக் காயையும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு. பசு ஆடுகிறவருக்கே என்பவர்கள் உண்டு. பசுவைப் பார்க்காமல் விட்டு ஐந்தாவது காய் விழுந்தால் போனது போனதுதான் என்பது பல வீட்டு வழக்கம். பிள்ளையின் கண் பலகையைவிட்டு அகலாமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும். இதில் இணையத்தில் படித்ததை வைத்துப் பாட்டியைத் திருத்த வேண்டாம். அவர் சொல்வதுதான் அந்த வீட்டின் சட்டம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்து.

பலகை முன் வாத்தியார் இடம் பெரியவருடையது என்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய பயன். போன், ரிமோட், கணினி எல்லாவற்றுக்கும் பேரப்பிள்ளையிடம் கேட்டு நிற்பவர், இங்கே கற்றுக்கொடுக்கிறவராக உட்காருகிறார். பிள்ளைக்கு ஒரு குழிக்கு ஒரு காய் என்று போடுவதில் எண்ணும் பழக்கம் விரலோடு படிகிறது. பார்த்தவுடன் "இது நாலு" என்று சொல்ல வந்துவிடுகிறது. பெரியவருக்கு விரல் நுனிக்கு வேலை, கண்ணுக்கு வேலை, பேச ஓர் ஆள். மறதி நோயைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்லிப் பலகை விற்கிறார்கள். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. தினமும் அரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதே போதுமான காரணம்.

கற்றுக்கொடுக்கும் வேகம்

முதல் நாள் காய் போடுவது மட்டும். அடுத்த நாள் "தீர்ந்தால் அடுத்ததை அள்ளு". மூன்றாம் நாள் துடைப்பது. பசுவைக் கடைசியில் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளை பசுவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பெரியவரின் கை நடுங்கி இரண்டு காய் விழுந்தால் பிள்ளை பாய்ந்து எடுக்க வேண்டாம்; அவரே சரிசெய்யட்டும், காத்திருக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தால் பசு பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுக்கலாம்.

முடித்ததும் காயைத் துணிப்பைக்குள் அப்படியே கொட்டாதீர்கள். ஐந்தைந்தாகக் குவித்துப் பதினாலு குவியல் வருகிறதா என்று இருவரும் எண்ணிவிட்டுக் கட்டுங்கள். ஒரு குவியலில் நாலுதான் இருந்தால் முதலில் பாட்டியின் முந்தானையை உதறிப் பாருங்கள்.