டென்னிஸ் ஆடுங்கள், ஆனால் முதலில் காலைப் பழக்குங்கள்

டென்னிஸ் ஆடி முழங்கை வலி வந்தவர்கள் முதலில் கையைத்தான் கவனிப்பார்கள். மட்டையை மாற்றுவார்கள், முழங்கைக்குப் பட்டை வாங்கிக் கட்டுவார்கள். அவர்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும்: பந்து வரும் இடத்துக்குக் கால் நேரத்தில் போய்ச் சேரவில்லை. கால் போகாததால் உடம்பு திரும்பவில்லை, உடம்பு திரும்பாததால் மொத்த அடியையும் மணிக்கட்டும் முழங்கையும் தாங்குகின்றன. கையில் வரும் வலியில் கணிசமான பங்கு இப்படிக் காலில்தான் தொடங்குகிறது.

சரி, உடம்புக்கு என்ன லாபம்? ஒரு பாயின்ட் பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி ஓடியிருப்பீர்கள். அப்புறம் சின்ன ஓய்வு. தொழில்முறைப் போட்டிகளிலேயே இரண்டு பாயின்ட்டுக்கு நடுவில் 25 விநாடிதான். ஒரு மணி நேரம் இப்படி இதயத் துடிப்பு ஏறி இறங்குவது ஒரே வேகத்தில் ஓடும்போது கிடைக்காத பயிற்சி. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. உடற்பயிற்சியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டுகள் கூடுதல், ஜாகிங் போனவர்களுக்கு 3.2 என்று அதில் கணக்கிட்டார்கள். டென்னிஸ் மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆடுபவர்களின் வசதிக்கும் நட்பு வட்டத்துக்கும் அதில் பங்கிருக்கலாம். எலும்பு விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் ஒரே ஆளின் இரண்டு கைகளையே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கிறது, சிறு வயதிலேயே ஆடத் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம்.

இப்போது கால். எதிரே ஆடுபவரின் மட்டை பந்தைத் தொடும் அந்த நேரத்தில் நீங்கள் தரையிலிருந்து லேசாக எழும்பி, இரண்டு பாதமும் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் விரிந்திருக்க, முழங்கால் மடங்க, முன்பாதத்தில் இறங்க வேண்டும். இதைத்தான் ஸ்ப்ளிட் ஸ்டெப் என்கிறார்கள். இறங்கிய உடனே எந்தப் பக்கமும் கிளம்ப முடியும். பந்தை நெருங்கும்போது கடைசி இரண்டு மூன்று காலடிகளைச் சின்னதாக வையுங்கள். அப்போதுதான் பந்தை உடம்புக்கு முன்னால் வைத்து அடிக்க முடியும். ஒற்றைக் கைப் பேக்ஹேண்டில் (புறங்கை முன்னால் வர அடிக்கும் அடி) இது ரொம்ப முக்கியம்: தாமதமாக அடித்தால் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, முழங்கையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் தசைநாண் அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. டென்னிஸ் எல்போ அப்படித்தான் வருகிறது. இரண்டு கையாலும் அடித்தால் சுமை பகிர்ந்துவிடும், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பாயின்ட்டைத் தொடங்கும் முதல் அடியான சர்விலும் இதே கதைதான். முழங்காலை மடக்கி எழும்பாமல் கையை மட்டும் வீசினால் தோள்பட்டை சீக்கிரம் தேய்ந்துபோகும். அதற்கு எளிய பயிற்சி ஒன்று: முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 டிகிரியில் மடக்கி, ஒரு பக்கம் கட்டிய ரப்பர் பேண்டைப் பிடித்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள், அதைவிட மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வார்ம்-அப்பைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள். உடம்பு சூடாகாமல் வலையை ஒட்டி மெதுவாக விழும் ஒரு டிராப் ஷாட்டுக்குப் பாய்ந்தால், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல ஆடுசதையில் சுரீரென்று பிடிக்கும், அது தசை கிழிந்த வலி. பத்து நிமிடம் போதும்: மெதுவான ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் லஞ்ச் (lunge), கையைச் சுழற்றுவது, பிறகு வலைப் பக்கமாக, சர்வீஸ் கோட்டுக்குள்ளேயே நின்று பந்தை மென்மையாகத் தட்டிவிட்டுப் பின்னால் போங்கள். ஒரே நிலையில் பிடித்து நீட்டும் ஸ்ட்ரெட்ச்சை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓடுவதற்கான ஷூவில் டென்னிஸ் ஆடாதீர்கள். அது முன்னால் போவதற்காகச் செய்தது, பக்கவாட்டில் பாதத்தைப் பிடித்து நிறுத்தாது, கணுக்கால் பிசகும். கோர்ட்டில் உருண்டு கிடக்கும் பந்துகளை ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் ஓரம் தள்ளிவிடுங்கள். பந்தை மிதித்துக் காலைப் பிசக்கிக்கொள்வது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. மட்டையின் கிரிப்பைப் பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் அளவு இடைவெளி இருந்தால் அளவு சரி. மட்டையில் கட்டும் ஸ்ட்ரிங்கில் (நரம்பு) பாலியெஸ்டர் வகை விறைப்பானது, கை வலி இருந்தால் பல மெல்லிய இழைகளால் ஆன, மென்மையான மல்டிஃபிலமென்ட்டுக்கு மாறி, இறுக்கத்தையும் இரண்டு மூன்று பவுண்டு குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங்கில் செருகும் டேம்பனர் என்ற சின்ன ரப்பர் துண்டு சத்தத்தைத்தான் மாற்றும், முழங்கையைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். நனைந்து கனத்த பந்துகளும் கைக்கு ஆகாது.

வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுவதைவிட, அதையே வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஆடுவது உடம்புக்கு நல்லது.

டென்னிஸ் எல்போ வந்தே விட்டது என்றால், முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். லேசான டம்பெல்லை மற்றக் கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக இறக்குங்கள். குணமாக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும், பொறுமை வேண்டும். ‘டப்’ என்று சத்தம் கேட்டு வீங்கினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு திரும்பி வரும்போது, 25 சதவீதம் வேகம் குறைந்த பச்சைப் புள்ளிப் பந்தில் முதலில் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வர அடிக்கும் அடி), வலி இல்லாவிட்டால் பேக்ஹேண்ட், சர்வ் எல்லாவற்றுக்கும் கடைசியில்.