ஜாங்கோவில் டேபிள் பட்டியல் எடுக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில், ப்ராஜெக்ட்டுக்குள் இருந்தே டேட்டாபேஸில் என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன என்று பார்ப்பது இரண்டு வரி வேலைதான். ஆனால் ஜாங்கோவுக்குத் தெரிந்த மாடல்களின் (டேபிளை விவரிக்கிற பைதான் கிளாஸ்களின்) பட்டியல் ஒன்று, டேட்டாபேஸில் நிஜமாகவே இருக்கிற டேபிள்களின் பட்டியல் இன்னொன்று, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலான தவறுகள் ஒன்றைக் கேட்க நினைத்து இன்னொன்றைக் கேட்பதால் வருகிறவை.

அதிகம் பார்க்கிற தவறு இது: ஆப்ஸ்.கெட்_மாடல்ஸ்() என்று கூப்பிட்டு, ஒவ்வொரு மாடலின் மெட்டாவிலிருந்து (அதன் அமைப்பு விவரங்களிலிருந்து) டிபி_டேபிள் பெயரை எடுத்து, "இதுதான் என் டேட்டாபேஸ்" என்று முடித்துவிடுவது. லைப்ரரி என்ற ஆப்பில் புக் மாடலுக்கு ஆத்தர்ஸ் என்று ஒரு மெனி-டு-மெனி ஃபீல்டு (ஒரு புக்குக்குப் பல ஆத்தர்கள், ஒரு ஆத்தருக்குப் பல புக்குகள்) வைத்திருந்தால், ஜாங்கோ தானாகவே லைப்ரரி_புக்_ஆத்தர்ஸ் என்று ஒரு டேபிள் போட்டிருக்கும், அது இந்தப் பட்டியலில் வராது, இன்க்ளூட்_ஆட்டோ_கிரியேட்டட் என்பதை ட்ரூ ஆக்கினால்தான் வரும். எந்தெந்த மைக்ரேஷன் (டேபிள் மாற்றம்) ஓடிவிட்டது என்று குறித்துவைக்கும் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிள் அப்போதும் வராது, ஏனென்றால் அதன் மாடலை ஜாங்கோ தனியாக வைத்துக்கொள்கிறது. ப்ராக்ஸி மாடல்கள் (இன்னொரு மாடலின் டேபிளையே பயன்படுத்துகிறவை) இருந்தால் ஒரே டேபிள் பெயர் இரண்டு மூன்று முறை வரும். மைக்ரேட் கமாண்ட் (டேபிளை உருவாக்குவது அதுதான்) இன்னும் ஓட்டாத மாடலின் பெயரும் இருக்கும், டேபிள்தான் இருக்காது. இதற்கு நேர் எதிராக, போன வருடம் செட்டிங்ஸில் உள்ள இன்ஸ்டால்டு_ஆப்ஸ் பட்டியலிலிருந்து தூக்கிய ஆப்பின் டேபிள்கள் டேட்டாபேஸில் அப்படியே கிடக்கும், ஆப்பை நீக்கினால் டேபிளும் போய்விடும் என்று நினைக்காதீர்கள், ஜாங்கோ அதைத் தொடாது.

ஆப் பெயரையும் மாடல் பெயரையும் அண்டர்ஸ்கோர் போட்டு ஒட்டி டேபிள் பெயரைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. மெட்டாவில் யாராவது டிபி_டேபிள் மாற்றியிருந்தால் அந்தப் பெயர் தப்பாகிவிடும். பெயர் மிக நீளமானால் ஜாங்கோ அதை வெட்டி, கடைசியில் ஒரு சின்ன ஹாஷ் ஒட்டிவிடும்; போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 63 எழுத்து, ஆரக்கிளில் 30 என்று எல்லை வேறு மாறுகிறது. மாடல்களின் பெயர்களை ஜாங்கோ குறித்துவைக்கும் கன்டென்ட் டைப் டேபிளைப் பார்த்துப் பட்டியல் எடுப்பது இதைவிட மோசம். நீக்கிய மாடல்களின் வரிகள் அதில் தங்கிவிடும், அதைச் சுத்தம் செய்யவே ரிமூவ்_ஸ்டேல்_கன்டென்ட்டைப்ஸ் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது.

நிஜமான டேபிள்கள் வேண்டுமென்றால் கனெக்ஷன்.இன்ட்ரோஸ்பெக்ஷன்.டேபிள்_நேம்ஸ்() போதும். ஷோ டேபிள்ஸ் என்று கர்சரில் (எஸ்க்யூஎல்லை நேரடியாக அனுப்பும் வழி) எழுதினால் மைஎஸ்க்யூஎல்லில் ஓடும், போஸ்ட்கிரஸில் எரர். சிலர் பேக்ஸ்லாஷ் டிடியைக் கர்சருக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். அது எஸ்க்யூஎல்லே இல்லை, பிஎஸ்க்யூஎல் டூலுக்கு மட்டும் புரிகிற குறுக்குவழி. டேட்டாபேஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் விவரமான இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிடம் கேட்கலாமே என்றால், போஸ்ட்கிரஸில் அது உங்கள் யூசருக்கு அனுமதி உள்ள டேபிள்களை மட்டுமே காட்டும். மீதி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டேபிள்_நேம்ஸும் எல்லாவற்றையும் கொட்டிவிடாது, அதையும் சொல்லியாக வேண்டும். வியூக்கள் (டேபிள் போலத் தெரியும், சேமித்துவைத்த குவெரிகள்) வராது, இன்க்ளூட்_வியூஸ் கொடுத்தால்தான் வரும், ஆனால் போஸ்ட்கிரஸில் அதைக் கொடுத்த உடனே பார்ட்டிஷன்களும் (ஒரு பெரிய டேபிளின் துண்டுகளும்) சேர்ந்து வந்துவிடும், மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் வைத்திருக்கிறவர்களுக்குப் பட்டியல் கன்னாபின்னாவென்று நீளும். சர்ச் பாத்தில் (போஸ்ட்கிரஸ் தேடிப் பார்க்கிற ஸ்கீமாக்களின் வரிசை; ஸ்கீமா என்பது டேபிள்களின் தொகுப்பு) இல்லாத ஸ்கீமாவின் டேபிள்கள் எப்படிக் கேட்டாலும் தெரியாது. "டேபிள் காணவில்லை" என்கிற புலம்பலில் ஸ்கீமாவை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டாபேஸ் இருந்தால், வெறும் கனெக்ஷன் என்று இம்போர்ட் செய்வது எப்போதும் டிஃபால்ட்டைத்தான் கொடுக்கும். கனெக்ஷன்ஸ் என்பதிலிருந்து பெயர் சொல்லி எடுங்கள். மைக்ரேஷனில் ரன்பைதானுக்குள் (பைதான் ஃபங்ஷனை ஓட்டும் படி) எழுதும்போது ஸ்கீமா_எடிட்டர்.கனெக்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு டேட்டாபேஸில் மைக்ரேட் ஓட, நீங்கள் வேறொன்றைப் பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், எப்போது கேட்கிறீர்கள் என்பது. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஃபார்மில் ஒரு டிராப்டவுனுக்காக டேபிள்_நேம்ஸை மாட்யூலின் மேல்மட்டத்திலேயே கூப்பிட்டுவிடுகிறார்கள். இம்போர்ட் ஆகும்போது எடுத்த பட்டியல் அப்படியே உறைந்துவிடும், புது டேபிள் வந்தாலும் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். டாக்கர் பில்டில் டேட்டாபேஸே இருக்காது, அந்த மாட்யூலை இம்போர்ட் செய்கிற எந்த கமாண்டும் கனெக்ஷன் எரரில் விழும், டேட்டாபேஸ் தேவையே இல்லாத ஒரு வேலைக்கு ஏன் டேட்டாபேஸ் கேட்கிறது என்று பில்டு லாகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சாய்ஸஸ் இடத்தில் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் ஃபார்ம் உருவாகும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும், வேலை முடிந்தது.

சரி, ஜாங்கோ தொடங்கும்போது ஓடுகிற, ஆப்கான்ஃபிக்கின் ரெடி() மெத்தடில் வைக்கலாமா? வேண்டாம். ஒவ்வொரு மேனேஜ் கமாண்டுக்கும் அது ஓடும். மேனேஜ் டெஸ்ட் என்று கொடுத்தாலும், டெஸ்ட் டேட்டாபேஸ் தயாராவதற்கு முன்பே ரெடி ஓடிவிடுவதால், அதிலுள்ள குவெரி செட்டிங்ஸில் உள்ள அசல் டேட்டாபேஸுக்குப் போகும். வெறும் பட்டியல் எடுத்தால் தப்பித்தீர்கள், பட்டியல் எடுத்து எதையாவது அழிக்கிற கோடாக இருந்தால் நினைத்துப் பாருங்கள். ஜாங்கோ 5.0 முதல் இதற்கு ஒரு வார்னிங்கும் வருகிறது, அதை மறைத்துவிட்டு மேலே போகாதீர்கள்.

ஒரு டேபிள் இருக்கிறதா என்று பார்க்க, குவெரி போட்டு எரர் வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு பழக்கம். போஸ்ட்கிரஸில் அட்டாமிக் பிளாக்குக்குள் (எல்லாக் குவெரிகளும் ஒரே டிரான்ஸாக்ஷனாக ஓடும் இடம்) இப்படிச் செய்தால் எக்ஸெப்ஷனைப் பிடித்தாலும் பயனில்லை, அந்த டிரான்ஸாக்ஷனே கெட்டுப்போய் அடுத்து வருகிற குவெரிகள் எல்லாம் நிராகரிக்கப்படும். போதாததற்கு எஸ்க்யூலைட்டில் வருவது ஆபரேஷனல் எரர், போஸ்ட்கிரஸில் ப்ரோகிராமிங் எரர், ஆகவே லோக்கலில் எஸ்க்யூலைட் வைத்து எழுதிய எக்ஸெப்ட் சர்வரில் பிடிக்காது. பெயர் டேபிள்_நேம்ஸில் இருக்கிறதா என்று பார்த்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பெயர் கிடைத்த பிறகு அதை வைத்துக் குவெரி எழுதும்போது, பர்சென்ட் எஸ் போட்டு டேபிள் பெயரை பாராமீட்டராக அனுப்ப முடியாது, அது மதிப்புகளுக்கு மட்டும்தான். முடியவில்லை என்றதும் எஃப்-ஸ்ட்ரிங்கில் ஒட்டிவிடுகிறார்கள், அந்தப் பெயர் யூஆர்எல்லிலிருந்து வந்திருந்தால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு (வெளியாள் தன் எஸ்க்யூஎல்லை உள்ளே நுழைப்பதற்கு) கதவு திறந்தாயிற்று. கனெக்ஷன்.ஆப்ஸ்.கோட்_நேம்() இருக்கிறதே என்பீர்கள். போஸ்ட்கிரஸில் அது சுற்றிலும் இரட்டை மேற்கோள் போடும், ஏற்கெனவே இரண்டு முனையிலும் மேற்கோள் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வெளியாள் தட்டச்சு செய்ததை வடிகட்ட எழுதியது அல்ல அது. முதலில் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மட்டும் கோட்_நேம் போட்டுச் சேருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், பாதிப் பேருக்கு எல்லா டேபிள்களையும் காலி செய்ய வேண்டும், அதற்குத்தான். அப்படியானால் பட்டியலே வேண்டாம். டேபிள்_நேம்ஸில் லூப் போட்டு டிரன்கேட் செய்தால் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸும் காலியாகும், அடுத்த மைக்ரேட் எல்லா டேபிள்களையும் முதலிலிருந்து உருவாக்கப் பார்த்து "ஏற்கெனவே இருக்கிறது" என்று நின்றுவிடும். மேனேஜ் ஃப்ளஷ் கமாண்ட், மாடல் உள்ள டேபிள்களை மட்டும் காலி செய்து மைக்ரேஷன் வரலாற்றை விட்டுவைக்கும்.