கடைக் கணினியில் வாடிக்கையாளர் எதையும் மாற்றாமல் பூட்டி வைப்பது எப்படி?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கொமியுனிகேஷன் கடைக்குள் போனால், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஆட்களுக்கென்று ஒரு கணினி இருக்கும். காலையில் ஒருவர் வீசா விண்ணப்பம் நிரப்புவார். மத்தியானம் இரண்டு மாணவர்கள் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பார்கள். பின்னேரம் யாராவது பென் டிரைவோடு வந்து, சீவியைத் திருத்திப் பிரிண்ட் எடுப்பார். கடை பூட்டும் நேரம் பார்த்தால் கீபோர்ட்டில் தமிழ் இல்லை, டெஸ்க்டொப்பில் யாருடையதோ கலியாணப் படம். பிரிண்ட் கொடுத்தால் தாளுக்குப் பதில் பிடிஎஃப் வருகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வருகிற எல்லோரும் முதலாளியின் கணக்கிலேயே உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

இதைச் சரிசெய்யக் காசு கொடுத்து சொப்ட்வெயார் வாங்கத் தேவையில்லை, விண்டோஸில் இருப்பதே போதும். செய்யும் ஒழுங்குதான் முக்கியம். முதலில் எல்லாவற்றையும் சரியாக அமைத்து முடியுங்கள், அப்புறம் பூட்டுங்கள். மாறிச் செய்தால், மறந்துபோன ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் பூட்டைத் திறந்து திறந்து மூட வேண்டிவரும்.

இங்கே விண்டோஸ் 11 மெனுக்களைத்தான் சொல்கிறேன். 10இலும் ஏறக்குறைய இதேதான். ஆனால் 10க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஊரார் கையில் கொடுக்கும் கணினி என்றால் 11க்கு மாறிவிடுவதே நல்லது.

வாடிக்கையாளருக்குத் தனிக் கணக்கு

உங்கள் கணக்கில் இருந்தபடி செட்டிங்ஸ் திறந்து, அக்கவுன்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ் போங்கள். அட் அக்கவுன்ட் என்பதை அழுத்தினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அதைக் கொடுக்க வேண்டாம். கீழே "ஐ டோன்ட் ஹேவ் திஸ் பெர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்" என்று இருப்பதை அழுத்தி, அடுத்த திரையில் "அட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசொப்ட் அக்கவுன்ட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

பெயருக்கு "கடை" என்றோ "கஸ்டமர்" என்றோ போடுங்கள். "கெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் போட்டால் விண்டோஸ் ஏற்காது, அந்தப் பெயரை அது தனக்கென்று வைத்திருக்கிறது. கடவுச்சொல் பெட்டியை வெறுமையாகவே விடுங்கள். பாதுகாப்புக் கேள்விகளும் வராது, வருகிறவர்களுக்கும் சுலபம்.

இப்படித் தொடங்கும் கணக்கு தானாகவே ஸ்டாண்டர்ட் யூசர் வகையாக இருக்கும். இதிலிருந்து கணினி முழுவதையும் பாதிக்கும் எதையாவது செய்யப் போனால், உதாரணமாக டிரைவர் மாற்றவோ நேரத்தைத் திருத்தவோ போனால், அட்மினிஸ்ட்ரேட்டரின், அதாவது உங்கள் கணக்கின், கடவுச்சொல்லைக் கேட்கும். உங்கள் கணக்குக்கு நல்ல கடவுச்சொல் இல்லையென்றால் இதில் எந்தப் பிரயோசனமும் இல்லை. ஆகவே முதலில் அதைப் போடுங்கள். வாடிக்கையாளர் "அண்ணே, பாஸ்வேர்ட் கேக்குது" என்று கூப்பிட்டால், அது என்ன கேட்கிறது என்று வாசிக்காமல் அடித்துக் கொடுக்காதீர்கள்.

கடை வேலைகளில் பெரும்பாலான தொல்லை இந்த ஒரு படியோடே தீர்ந்துவிடும். விண்டோஸ் ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் அடுத்த பகுதியையும் செய்துவிட்டு, பொலிசி பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இந்த இடத்தில் நேரம் எடுத்து நிதானமாகச் செய்யுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

எழுத்துருவில் தொடங்குவோம். கொழும்பில் இன்றைக்கும் பாமினியில் அடித்த கோப்போடு வருகிறவர்கள் நிறையப் பேர். பாமினி எழுத்துருவின் மேல் ரைட் கிளிக் செய்து வெறுமனே இன்ஸ்டோல் கொடுத்தால், அது நீங்கள் இருக்கும் கணக்குக்கு மட்டும்தான் போகும். கஸ்டமர் கணக்கில் அதே கோப்பைத் திறந்தால் விளங்காத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதனால் உங்கள் கணக்கில் இருந்து "இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்" என்பதைக் கொடுங்கள். அது உடனே கண்ணில் படாவிட்டால் "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" அழுத்திப் பாருங்கள்.

அடுத்து ஐகன்கள். வேர்ட், குரோம், ஸ்கேனர் போன்றவற்றின் ஷோர்ட்கட்களைக் கஸ்டமர் கணக்கின் டெஸ்க்டொப்பில் வைத்தால் யாராவது அழித்துவிடுவார்கள். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் பப்ளிக் டெஸ்க்டொப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போட்டு வைத்த ஷோர்ட்கட் எல்லாக் கணக்கிலும் தெரியும். ஸ்டாண்டர்ட் யூசர் அதை அழிக்கப் போனால் கடவுச்சொல் கேட்கும்.

இப்போது கஸ்டமர் கணக்கில் நுழையுங்கள். தமிழ், சிங்களக் கீபோர்ட்களைச் சேர்த்துவிடுங்கள். பிரிண்டர்ஸ் பக்கத்துக்குப் போய் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபோல்ட் பிரிண்டர்" என்பதை நிறுத்திவிட்டு, கடைப் பிரிண்டரை டிஃபோல்ட் ஆக்குங்கள். அந்த ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தார்களோ அதுவே டிஃபோல்ட் ஆகிவிடும். தாள் வராமல் பிடிஎஃப் வந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஒரு நாள் அதைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டை ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கூற்று எல்லாம் யார் யாருடையதோ கிடக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ் என்று போய் அதை இயக்கி, நாளாந்தம் ஓடும்படியும், ஒரு நாளுக்கு மேல் திறக்காத டவுன்லோட்ஸ் கோப்புகளை அழிக்கும்படியும் வையுங்கள். ரிசைக்கிள் பின்னுக்கும் அப்படியே. இது கணக்குக்குக் கணக்கு வேறுபடும் அமைப்பு. அதனால் கஸ்டமர் கணக்கில் இருந்துதான் செய்ய வேண்டும், பூட்டிய பிறகு செய்யவும் முடியாது. "கோப்புகள் மறுநாள் இருக்காது" என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சண்டை வரும்.

பிரவுசருக்கு ஒரு சின்ன வேலை. குரோம் ஷோர்ட்கட்டின் புரொப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனும் அதோடு ஒட்டி கெஸ்ட் என்று ஆங்கிலத்திலும் சேருங்கள். இனி அது கெஸ்ட் முறையில் திறக்கும். ஜன்னலை மூடியதும் மின்னஞ்சல் நுழைவு, பார்த்த பக்கங்கள் எல்லாம் போய்விடும். டவுன்லோட் செய்த கோப்பு மட்டும் நிற்கும், அதற்குத்தான் மேலே சொன்னது.

புரோ பதிப்பில் பொலிசி பூட்டு

ஸ்டாண்டர்ட் யூசரும் தன் கணக்கின் சுவர்ப்படம், கீபோர்ட் போன்றவற்றை மாற்றலாம். அதைத் தடுக்க, எதை மாற்றலாம் எதை மாற்றக்கூடாது என்று விதி போடும் விண்டோஸ் வசதியான குரூப் பொலிசி வேண்டும். அது புரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில்தான் உண்டு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் புதுக் கணினி வாங்கப் போகிறவர்கள் ஹோமா புரோவா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இணையத்தில் பல விளக்கங்கள் நேரே குரூப் பொலிசி எடிட்டரைத் திறந்து யூசர் கொன்ஃபிகரேஷனில் மாற்றச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் முதலாளிக்கும் சேர்த்துப் பூட்டு விழும். இப்படிச் செய்யுங்கள்:

1. உங்கள் கணக்கில் விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, எம்எம்சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடியுங்கள்.
2. ஃபைல் மெனுவில் "அட் ஓர் ரிமூவ் ஸ்னப்-இன்". பட்டியலில் குரூப் பொலிசி ஒப்ஜெக்ட் எடிட்டரைத் தெரிந்து அட் கொடுங்கள்.
3. வரும் பெட்டியில் பிரவுஸ் அழுத்தி, யூசர்ஸ் பக்கத்தில் "நொன்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" தெரிவு செய்து முடியுங்கள்.

இதில் போடும் பூட்டு அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும் விழும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸுக்குள் கொன்ட்ரோல் பனல் போய், "ப்ரோஹிபிட் அக்சஸ் டு கொன்ட்ரோல் பனல் அன்ட் பிசி செட்டிங்ஸ்" என்பதை எனேபிள் செய்யுங்கள். பிறகு டெஸ்க்டொப், அதற்குள் மறுபடி டெஸ்க்டொப், டெஸ்க்டொப் வோல்பேப்பர். அங்கே கடைப் படத்தின் முகவரியைக் கொடுத்தால் கலியாணப் படம் இனி ஏறாது. படத்தை உங்கள் சொந்தப் பிக்சர்ஸ் ஃபோல்டரில் வைக்காதீர்கள், மற்றக் கணக்கால் அதை வாசிக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வெப் ஃபோல்டர் பொருத்தமான இடம்.

பென் டிரைவை முழுதாக அடைக்கச் சிலர் சொல்வார்கள். பிரிண்ட் கடையில் அது வியாபாரத்தைத்தான் அடைக்கும். வழமையான குரூப் பொலிசி எடிட்டரில் கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ் என்று போய், ரிமூவபிள் டிஸ்க்ஸுக்கு "டினை எக்சிகியூட்" மட்டும் போடுங்கள். கோப்புகள் திறக்கும், அதிலிருந்து புரோகிராம் ஓடாது. இது உங்களுக்கும் பொருந்தும் என்பதால், நீங்கள் பென் டிரைவில் கொண்டுவரும் இன்ஸ்டோலரை முதலில் கணினிக்குக் கொப்பி பண்ண வேண்டும்.

கமாண்ட் ப்ரொம்ப்ட், டாஸ்க் மேனேஜர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டுவது என் பார்வையில் வீண் வேலை. பிரவுசர் இறுகி நின்றால் டாஸ்க் மேனேஜர் இருந்தால் வாடிக்கையாளர் தானே மூடிக்கொள்வார், இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிடுவார்.

ஒரு ஓட்டை மிஞ்சும். சில புரோகிராம்கள் அட்மின் அனுமதி இல்லாமலே அந்தக் கணக்குக்குள் மட்டும் இன்ஸ்டோல் ஆகும். பொடியன்கள் கேம் ஏற்றுவது அந்த வழியில்தான். அளவு மீறினால் அதர் யூசர்ஸ் பக்கத்தில் அந்தக் கணக்கைத் தரவோடு அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எழுத்துரு, ஐகன், பொலிசி எல்லாம் அப்படியே இருக்கும். கீபோர்ட், பிரிண்டர், ஸ்டோரேஜ் சென்ஸ் மூன்றையும் மட்டும் திரும்ப அமைக்க வேண்டும், அதற்காகக் கொன்ட்ரோல் பனல் பூட்டைச் சற்று நேரம் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, கஸ்டமர் கணக்கில் நீங்களே உட்கார்ந்து தமிழில் ஒரு வரி அடித்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். செட்டிங்ஸைத் திறக்கப் பாருங்கள், தடுத்துவிட்டதாகச் செய்தி வர வேண்டும். அட்மின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், கீபோர்ட்டுக்கு அடியில் வேண்டாம்.