வீட்டுக் காவலுக்கும் களிமண் தட்டுக்கும் ஒரே பம்ப் துப்பாக்கி

கடைக்குப் போவதற்கு முன் அனுமதிப்பத்திரம். இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் அது இல்லாமல் எதையும் வாங்க முடியாது. பம்ப் வகைக்கு (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து ரவை ஏற்றுவது) உங்கள் அனுமதி செல்லுமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

குழல் அளவில் 12 போர் போதும். ரெமிங்டன் 870, மொஸ்பேர்க் 500 இரண்டுமே நம்பலாம். மொஸ்பேர்க்கின் பாதுகாப்புப் பூட்டு மேலே, பெருவிரலுக்கு நேராக இருப்பதால் இடக்கைக்காரருக்கும் வசதி. 870இன் பூட்டு விசைக்குப் பின்னால் குறுக்கே ஓடும். ஆனால் பெயரை விட அளவுதான் முக்கியம். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் நுனிமணியும் அதன் கீழே சற்றே தெரியும் மேல்பட்டியும் கண்ணில் பட்டால் சரி. துப்பாக்கியின் பின்பகுதியே மறைத்தால் கன்னக்கட்டை தாழ்வு, பறக்கும் களிமண் தட்டுக்குக் கீழே சுடுவீர்கள். ஐந்து முறை செய்து பாருங்கள். தொழிற்சாலையில் வரும் தோள்கட்டை பெரும்பாலும் 14 அங்குலம், நம்மில் பலருக்கு அது நீளம். கை எட்டாமல் பம்பை அரைகுறையாக இழுத்தால் வெற்று ரவை வெளியே விழாது, அடுத்தது ஏறாது, துப்பாக்கி அடைத்து நிற்கும். கிட்டத்தட்ட எல்லாப் புதியவரும் முதல் நாள் இதில்தான் மாட்டுவார்கள். 13 அங்குலக் கட்டை மாட்டுவது நல்லது.

குழல் விஷயத்தில் சமரசம் தேவை. தட்டுக்கு 26 முதல் 28 அங்குலம், வீட்டுக்குள் 18½. இரண்டு குழல் வாங்க முடிந்தால் நல்லது: முன்மூடியைத் திருகிக் கழற்றினால் ஒரு நிமிட வேலை. முடியாவிட்டால் 28 அங்குலமும் மாற்றக்கூடிய சோக்கும் (குழல்வாயில் திருகி அதை ஒடுக்கும் துண்டு). தட்டுச் சுடும் இரு போட்டி வகைகளில் ஸ்கீட்டுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (சற்றே ஒடுங்கிய சோக்), ட்ராப்புக்கு மொடிஃபைட் (அதைவிட ஒடுங்கியது). சோக் இல்லாத வெறும் திருகுவாயால் ஒருபோதும் சுடாதீர்கள், திருகு பழுதாகிவிடும். சோக் திருகுக்கு கிரீஸ் பூசாமல் விட்டால் கொழும்பு ஈரத்தில் துருவேறி இறுகிவிடும்.

தட்டுக்கு 24 கிராம், 7½ இலக்கச் சன்னம் (ரவைக்குள் இருக்கும் சிறு குண்டு): ஒரு ரவையில் ஏறத்தாழ 300 சன்னங்கள். உதையும் தாங்கும். வீட்டுக்குள் சன்னம் பரவும் என்று நம்பாதீர்கள். ஐந்து மீற்றரில் அது உள்ளங்கையளவுதான், குறி பார்த்தே ஆகவேண்டும். அறைகளைப் பிரிப்பது பலகைத் தடுப்பென்றால் பெரிய சன்னம் அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கவேண்டும். துப்பாக்கியை ரவையின்றி இரும்பு அலுமாரியிலும் ரவைகளை வேறு பூட்டிலும் வையுங்கள்.

பழையது வாங்கினால் மருந்தில்லாத போலி ரவைகள் நான்கு கொண்டுபோய் வேகமாக ஏற்றி இறக்குங்கள். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே வளையம் போல் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். காலி வீதிப் பக்கத்து உப்புக்காற்றுக்கு மெருகில்லாத கரடான மேற்பூச்சு சீக்கிரம் துருவேறும். துணி உறைக்குள் வைத்து மறந்துவிட வேண்டாம், மாதம் இருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.