பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் அவனே யூடியூபைத் திறந்து பாட்டைத் தேடி எடுத்துவிடுகிறான்" என்று பெருமைப்பட்ட பெற்றோரே, அவன் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான்" என்று அங்கலாய்க்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை பிள்ளையுடையவை அல்ல.

முதல் தவறு, சோறூட்டக் கைப்பேசியைத் துணைக்கு வைத்துக்கொள்வது. தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்த திரையில் பொம்மைப் படம் ஓட, பிள்ளை கண்ணெடுக்காமல் வாயை மட்டும் திறக்க, பருப்புச் சோறு பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஊட்டியவருக்கு நிம்மதிதான், ஆனால் என்ன தின்றோம், வயிறு எப்போது நிறைந்தது என்பதைப் பிள்ளை கவனிக்கவே இல்லை. நாளடைவில் படம் ஓடாமல் ஒரு வாய்கூட உள்ளே இறங்காது என்றானதும், நாம் பழக்கியதையே 'பிடிவாதம்' என்று கண்டிக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வேளைக்குப் பத்து நிமிடம் என்றாலும், மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அந்த ஒரு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும்.

பிள்ளை வளர்ந்தபின் செய்யும் தவறு, கோபம் வந்த அன்று வெடுக்கென்று பிடுங்குவது. குழுவாக ஆடும் விளையாட்டில் பாதியில் விலகுபவன் கூட்டாளிகளிடம் பேச்சு வாங்குவான் என்பதால், "இந்தச் சுற்றோடு நிறுத்து" என்பது எடுபடும் அளவுக்கு "இப்போதே வை" என்பது எடுபடாது. அதைவிடக் கெடுதல், பிடுங்கியதை வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்தில் தொல்லை தாங்காமல் திருப்பிக் கொடுப்பது. அழுதால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்கிறது.

நேரத்தை மட்டும் எண்ணுவதும் போதாது. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில் வரும்போது போனே கூடாது என்பது நடவாத காரியம். பாடத்துக்கும் முழுப் படத்துக்கும் முடிவு உண்டு. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும் குறுங்காணொளிக்கு அது இல்லை என்பதால், "பத்து நிமிடம் பார்த்துவிட்டு வை" என்ற கட்டளை அங்கே பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

இரவில் போனைப் படுக்கையறையில் விட்டுவைப்பது தூக்கத்தைக் கெடுக்கும். கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் போட்டு வைக்கலாம்; ஆனால் அப்பாவின் போனும் அம்மாவின் போனும் அங்கே இல்லாவிட்டால், இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிலைக்காது.